அளவுகோலில் மிச்சம் பிடிப்பவர்

கஞ்சர் வேறு, இவர் வேறு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குழப்பிக்கொள்ளாதீர்கள். கஞ்சர் எதையும் வாங்கமாட்டார். நான் சொல்லும் ஆள் தாராளமாக வாங்குவார். அளக்கிற சாமானில் மட்டும் மிச்சம் பிடிப்பார். பெரிய சோபா வாங்கக் கிளம்புவார், ஒரு டேப் வாங்க மனசு வராது; ஜாண் போட்டு அளந்து வாங்கிவந்து, அது வாசலில் சிக்கிக்கொண்டதும், வாசலைக் குறுகலாகக் கட்டிய கொத்தனாரின் ஏழு தலைமுறையையும் வம்புக்கு இழுப்பார். தப்பு எப்போதும் அளக்கப்பட்டதில்தான். அளந்த கோலில் இருக்குமா? இருக்கவே இருக்காது!

இந்த இனத்தில் ஒருவரைக் கட்டிக்கொண்டவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று வாரமாக ஒரு சர்வர் உட்கார்ந்து இரைந்துகொண்டிருந்தது. ஆபீசில் இடமில்லையாம். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் பாட வீடியோ கேட்டாலும் தடங்கலில்லாமல் அனுப்ப வேண்டிய கம்ப்யூட்டர் அது. அதற்குப் புரோகிராம் எழுதியவள் அவளுடைய தங்கை, அதே ஆபீஸ். தேறுமா தேறாதா என்று சோதித்துச் சொல்பவர் அத்தான், அதாவது நம் ஆள். பக்கத்தில் இன்னொரு கம்ப்யூட்டர் ஆயிரம் பிள்ளைகளைப் போல நடித்து, கொடு கொடு என்று கேட்கும். இரண்டையும் கேபிளால் இணைக்க நடுவே ஒரு நெட்வொர்க் பெட்டி.

அந்தப் பெட்டியில்தான் நம் ஆள் கைவரிசையைக் காட்டியிருந்தார். பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கியது. கேபிள் செருகும் எட்டுத் துளையில் மூன்று வேலை செய்யாது. அவற்றின் மேல் பிளாஸ்திரி. "பாதி விலைகூட இல்ல, தெரியுமா?" என்று குழாய் ரிப்பேருக்கு வந்தவரிடம்கூடச் சொல்லிவிட்டார்.

சோதனை நடந்தது. திரையில் நொடிக்குத் தொள்ளாயிரத்து நாற்பது மெகாபிட் என்று வேகம் காட்டியது. போதாது; ஐயாயிரமாவது வேண்டும். மெமரி கூட்டினார், தொள்ளாயிரத்து நாற்பது. அமைப்புகளை எல்லாம் மாற்றினார், தொள்ளாயிரத்து நாற்பது. மேசை விசிறியைத் திருப்பி வைத்தும் பார்த்தார். முடிவு? புரோகிராம் சரியில்லை, கைவிடலாம் என்று அறிக்கை எழுதினார். திங்கட்கிழமை கூட்டத்தில் வாசிக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை தங்கை வீங்கிய கண்ணோடு வந்து நின்றாள்.

"அத்தான், எட்டு மாசம் எழுதினது. எங்க தப்புன்னு காட்டுங்க, திருத்திடறேன்."

"உறவு வேற, வேலை வேறம்மா. நம்பர் பொய் சொல்லாது."

மூன்று வாரமாக மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிற அக்காவுக்கு அன்றைக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏங்க, நேத்து எவ்வளவு வந்துச்சு?"

"தொள்ளாயிரத்து நாப்பது."

"மெமரி போடறதுக்கு முன்னாடி?"

"அதேதான்."

"இவ புரோகிராம்ல பாதியைக் கழட்டிட்டுப் பார்த்தீங்களே, அப்ப?"

"அதே... அதேதான்."

"உப்பு போட்டாலும் அதே ருசி, போடாட்டியும் அதே ருசின்னா, சமைச்சவளையா திட்டுவீங்க? நாக்கை நீட்டிப் பார்க்க மாட்டீங்க?"

அதுவரை தங்கை நம்பர்களைத்தான் பார்த்திருந்தாள், மேசையைப் பார்த்ததில்லை. பாய்ந்து பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"அக்கா! இது வழியா ஆயிரத்துக்கு மேல போகவே போகாது. சர்வர் பத்தாயிரம் வரைக்கும் தள்ளும். மூணு வாரமா அத்தான் அளந்தது இந்தப் பெட்டியை!"

"அதுக்காகப் புதுசா வாங்கறதா? வேகமான பெட்டின்னா யானை விலை!"

"பெட்டியே வேண்டாம் அத்தான். ரெண்டே கம்ப்யூட்டர். சர்வர்ல வேகமான நெட்வொர்க் கார்டு இருக்கு. இன்னொண்ணுலயும் அதே மாதிரி ஒண்ணு மாட்டி, நேரா ஒரு கேபிள் போட்டா முடிஞ்சுது. பழைய கார்டே போதும், அதே கடையில கிடைக்கும். நீங்க இந்தப் பெட்டிக்குக் கொடுத்ததைவிடக் கம்மி."

அவர் முகம் சுண்டிப்போனது. தப்பாக அளந்ததற்காக இல்லை. இதைவிட மலிவாக ஒன்று இருந்தும் தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று!

ஞாயிறு மதியம் கார்டு மாட்டியாயிற்று. திரையில் ஏழாயிரத்து முந்நூறு. தங்கை அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள். அவர் அறிக்கையைத் திருத்த உட்கார்ந்தார். மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் படித்தாள்.

'தொடர் சோதனைகளின் பயனாக, சர்வர் குறிப்பிடத்தக்க அளவில் திருந்தியுள்ளது.'

"என்னது, திருந்திடுச்சா?"

"பின்ன? மூணு வாரம் விடாம கண்டிச்சிருக்கேன்ல!"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். போன மாதம் உங்கள் பிள்ளை உடம்பு சுடுகிறது என்று முனகியபோது, ஏதோ வாங்கியதற்கு இலவசமாக வந்து அலமாரி மூலையில் கிடந்த அந்தத் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "நடிக்காம ஸ்கூலுக்குக் கிளம்பு" என்று அதட்டியது யார்?