நாச்சிக்காக வெட்டிய ஆறு

ஒரு காட்டில் ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. காட்டுக்குப் பெயர் மேட்டுக்காடு. அங்கே ராஜா சிங்கமா, புலியா என்று கேட்காதீர்கள். ராஜாவே கிடையாது, நிர்வாகக் குழுதான். ராஜா இருந்திருந்தால் ஒருவரிடம் கெஞ்சினால் போதும். குழு என்பதால் எல்லாரிடமும் கெஞ்ச வேண்டியிருந்தது.

குழுவின் தலைவர் காட்டெருமை தர்மலிங்கம். செயலாளர் முள்ளம்பன்றி சபாபதி. யாராவது விண்ணப்பம் கொண்டுவந்தால் சபாபதி கையில் வாங்க மாட்டார். திரும்பி நின்று முதுகைக் காட்டுவார். கொண்டுவந்தவரே காலியாக இருக்கிற முள்ளாகப் பார்த்துக் குத்திவிட்டுப் போக வேண்டும். அதுதான் அலுவலகக் கோப்பு. குத்திய காகிதத்தை எடுத்து அவர் படித்ததாக எவரும் பார்த்ததில்லை. மழை வந்தால் மட்டும் "ஐயோ, கோப்பு நனையுதே" என்று பாறைக்கடியில் ஓடி ஒளிவார்.

அந்த அணியில் நாச்சி என்று ஒரு சருகுமான் ஆடினாள். சருகுமான் என்றால் மானில் பொடிசு. பந்தும் அவளும் பக்கத்தில் நின்றால் அக்கா தங்கை போல இருக்கும். அவள் கூடையில் பந்து போட்டதே இல்லை, போடவும் முடியாது. ஆனால் எதிரணியின் கால்களுக்கு நடுவே புகுந்து, மூக்கால் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடி, கூடைக்கு நேர் கீழே நிற்கும் ஆளிடம் கொண்டு சேர்த்துவிடுவாள். அங்கே நின்றுகொண்டிருப்பவன் பெரும்பாலும் தலைவரின் அக்கா மகன் வெற்றிச்செல்வன். அவன் பந்தை வாங்கிப் போடுவான். காடே "வெற்றி! வெற்றி!" என்று கத்தும். நாச்சி யாருடைய குளம்புக்கடியிலோ மாட்டாமல் வெளியே வருவதில் மும்முரமாக இருப்பாள்.

அவளுக்கு அணியிடம் ஒரே ஒரு குறைதான். மைதானத்து ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. காட்டெருமையின் வாய்க்கு அளந்து கட்டியது. நாச்சி எம்பினாலும் தொட்டியின் பாதிதான் வரும். பயிற்சி முடிந்ததும் மற்றவர்கள் மடக் மடக்கென்று குடிப்பார்கள். அவள் நாக்கு வறள, அரை மைல் நடந்து சுனைக்குப் போவாள். தொட்டிக்குப் பக்கத்தில் ஏறி நிற்க ஒரு கல் போடச் சொல்லி எழுதிக் கொடுத்து இரண்டு வருஷமாகிறது. அந்த விண்ணப்பம் சபாபதியின் வாலுக்கு மேலே மூன்றாவது முள்ளில் பழுப்பேறித் தொங்கிக்கொண்டிருந்தது.

பங்குனியில் நாச்சியின் ஒப்பந்தம் முடிந்தது. அப்படி முடிந்தவர்களுக்குக் காடுகளின் கூட்டமைப்பு அழகான பட்டம் ஒன்று வைத்திருந்தது: 'வரம்புக்குட்பட்ட சுதந்திர ஆட்டக்காரர்'. எந்தக் காடும் அவளைக் கேட்கலாம். பிடித்திருந்தால் அவளும் கையெழுத்துப் போடலாம். போட்ட பிறகு பழைய காட்டுக்கு ஏழு நாள் அவகாசம். 'புதுக் காடு தருவதையெல்லாம் ஒரு வரி விடாமல் நாங்களும் தருகிறோம்' என்று அது செய்து காட்டிவிட்டால், அவள் பழைய இடத்திலேயே இருந்தாக வேண்டும். அவளுக்குச் சம்மதமா என்று கேட்க விதியில் இடமே விடவில்லை.

"இது என்னடி சுதந்திரம்?" என்றாள் அவளுடைய தோழி, மலை அணில் கோதை. "கட்டிப் போட்டுட்டு, கயிறு எவ்வளவு நீளம்னு சொல்ற மாதிரி இருக்கு."

"நீளமாவது சொன்னாங்களே" என்றாள் நாச்சி.

இரண்டு மாதம் போயிற்று. மேட்டுக்காட்டுக் குழு அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே போய்க் கேட்டதற்குத் தலைவர், "இருக்கேல்ல பாப்பா, எங்க போயிடப் போற?" என்று அசை போட்டார்.

பிறகு ஒரு நாள் ஆற்றுக்காட்டு அணியின் மேலாளர், நீர்நாய் அலமேலு வந்து இறங்கினாள். வந்தவள் சுற்றி வளைக்கவில்லை.

"உன்னால மூணு ஆட்டத்துல தோத்திருக்கோம்டி. உனக்கு என்ன வேணும், சொல்லு."

நாச்சி காதை நிமிர்த்தினாள். அவளால் தோற்றதாக இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை, அவளால் ஜெயித்ததாகவும் சொன்னதில்லை.

"தண்ணி" என்றாள். "ஓடற தண்ணி பக்கத்துல இருக்கணும் அக்கா. அப்புறம், ஆட்டம் ஆரம்பிக்கறப்பவே என்னை இறக்கணும். பாதியில யாருக்காவது கால் சுளுக்கினா மட்டும் கூப்பிடறது வேணாம்."

அலமேலு விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க ஊர்ல தண்ணிக்கா பஞ்சம்?" அங்கேயே பத்திரம் எழுதினாள்: ஆற்றங்கரையில் அவளுக்கென்று ஒரு புதர், முதல் ஐவரில் இடம், நாலு வருஷம். நாச்சி குளம்பை மையில் தோய்த்து வைத்தாள்.

கோதை ஆனந்தத்தில் மூன்று மரம் தாவினாள். "ஆறா? நம்ம காட்டுல ஆறு எங்கடி இருக்கு? தலைகீழா நின்னாலும் இவங்களால இதுக்கு ஈடு கட்ட முடியாது. நீ போயிட்டேன்னு வெச்சுக்க!"

பத்திரம் வந்து சேர்ந்த மறுநாளே குழு கூடியது. நாச்சி ஓரமாக நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மேடையில் தலைவரோடும் செயலாளரோடும் நாலு உறுப்பினர்கள் இருந்தார்கள். நாலு பேரும் தலைவர் தலையாட்டும் திசையைப் பார்த்து ஆட்டுகிறவர்கள் என்பதால் அவர்கள் பெயர் நமக்குத் தேவையில்லை.

"இந்தச் சருகுமான் நமக்கு என்ன பண்ணியிருக்கு?" என்றார் தலைவர்.

சபாபதி ஏட்டைப் புரட்டினார். "கூடையில பந்து போட்டது... பூஜ்யம்."

"அப்ப விட்டுடலாமே."

"விட்டுடலாம்" என்றார்கள் நாலு பேரும்.

நாச்சியின் நெஞ்சு லேசானது. அவமானமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எது முதலில் என்று அவள் கணக்குப் பார்ப்பதற்குள் தலைவர் மூக்கைச் சுருக்கினார்.

"இருங்கய்யா. ஒண்ணும் இல்லாத ஆளை ஆத்துக்காட்டான் எதுக்குக் கேக்கறான்? எதையோ கண்டிருக்கான்."

"கண்டிருக்கான்" என்றார்கள் நாலு பேரும்.

"நாம காணாததை அவன் எப்படிக் காணலாம்? நம்ம காட்டு மானை அவன் தூக்கிட்டுப் போனா, கூடவே நம்ம மானமும் போயிடாதா? விடக் கூடாது."

பெண் பார்க்க ஆள் வந்த பிறகு வீட்டில் பெண் இருப்பதையே கண்டுபிடிக்கிறவர்கள் உண்டு. அந்த ஜாதிக் கண்களால் ஆறு பேரும் அவளைப் பார்த்தார்கள். நாச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தலைவரே, என்னை ஒரு வார்த்தை கேக்கலையே?"

"உன்னை எதுக்கும்மா கேக்கணும்? உன்னைப் பத்தித்தானே பேசறோம்."

"எனக்கு இங்க இருக்கறதுல ஒண்ணும் வெறுப்பு இல்லை" என்றாள் நாச்சி. அது உண்மைதான். கோதை இங்கேதான் இருந்தாள். மைதானத்தின் ஒவ்வொரு பள்ளமும் அவள் காலுக்குத் தெரியும். "நானே அந்தப் பத்திரத்தை வாபஸ் வாங்கிக்கறேன். ஆறு கீறு எதுவும் வேணாம். தொட்டிக்குப் பக்கத்துல ஒரு கல்லு போடுங்க. ஒரே ஒரு கல்லு. நாலு வருஷம் என்ன, காலத்துக்கும் உங்களுக்கே ஆடறேன்."

தலைவர் சபாபதியைப் பார்த்தார். சபாபதி கண்ணாடியைத் துடைத்தார்.

"கல்லு போடறது கஷ்டமில்லை. ஆனா முன்மாதிரி ஆயிடும் தலைவரே. இன்னைக்கு இவளுக்குப் போட்டா நாளைக்கு முயல் வந்து கேக்கும். அப்புறம் கீரி. அப்புறம் ஆமை. தொட்டியைச் சுத்திக் கல்லா கிடக்கும், நம்ம கால் இடறும்."

"சரியான பாயிண்ட்டு" என்றார் தலைவர். "கல்லு கிடையாது பாப்பா. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அப்ப ஆறு மட்டும் எப்படிக் குடுப்பீங்க? வரிக்கு வரி குடுத்தாகணுமே!"

தலைவர் எழுந்து நின்றார். பிடரி சிலிர்த்தது. "குடுக்க முடியாதுன்னு நினைச்சியா? வெட்டுங்கய்யா ஆத்தை!"

வெட்டினார்கள். நாற்பது காட்டுப்பன்றிகள் ராப்பகலாக முட்டித் தோண்டின. ஆற்றுக்காட்டுக்கு இறங்கும் நீரை மலையிலேயே மடக்கி, மேட்டுக்காட்டுக்குள் திருப்பும் திட்டம். நாலாம் நாள் சபாபதி மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"தலைவரே, சரிவு ஒரு பக்கமாத்தான் இருக்கு. வாய்க்கால் மைதானத்துக்கு நடுவுலதான் போகும்."

"போகட்டும்."

"போனா எங்க ஆடறது?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல ஆளு கையை விட்டுப் போகக் கூடாது."

அந்த ஆறு நாளும் நாச்சி ஒரு ஓரத்தில் நின்று பார்த்தாள். முதல் நாள் சிரித்தாள். மூன்றாம் நாள், "பாறை வரும், நின்னுடுவாங்க" என்று கோதையிடம் சொன்னாள். பாறை வந்தது, பன்றிகள் பாறையையும் பெயர்த்தன. பெயர்த்த கற்கள் தொட்டியைவிட உயரமாகக் குவிந்தன. அவளுக்குத் தேவைப்பட்டது மாதிரி ஒரு ஐந்நூறு கல் இருக்கும். அத்தனையையும் வண்டியில் ஏற்றிக் காட்டுக்கு வெளியே கொட்டினார்கள், முன்மாதிரி ஆகிவிடக் கூடாதே என்று.

ஏழாம் நாள் மாலை ஐந்து மணி கெடு. நாலரைக்குத் தண்ணீர் வந்தது. கூட்டமைப்பின் அலுவலர் கொக்கு, ஒற்றைக் காலில் நின்று பத்திரத்தை வரிவரியாகச் சரிபார்த்தார்.

"ஆறு?"

"ஓடுதுங்க" என்றார் சபாபதி.

"கரை?"

"ரெண்டு பக்கமும் இருக்கு."

"புதர்?"

வெற்றிச்செல்வன் எங்கிருந்தோ ஒரு ஈச்சம் புதரை வேரோடு பிடுங்கி வந்து கரையில் நட்டான்.

"முதல் ஐவரில் இடம்?"

தலைவர் தொண்டையைச் செருமி ஐந்து பெயர்களை உரக்கப் படித்தார். முதல் பெயர் நாச்சி. அந்த ஐவரும் ஆட வேண்டிய மைதானத்தில் கூடை மாட்டிய கம்பங்கள் இரண்டும் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றன.

"மைதானம் முழுகிப் போச்சே!" என்று கத்தினாள் நாச்சி. "ஐயா, ஆடறதுக்கு இடமே இல்லை, இது எப்படி ஈடாகும்?"

கொக்கு பத்திரத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "மைதானம் என்று இதில் எங்கேயும் குறிப்பிடவில்லையே அம்மா." கோதை உச்சிக் கிளையிலிருந்து ஒரு பலாக்கொட்டையை எறிந்தாள். குறி தவறி அது தண்ணீரில் விழுந்தது. கொக்கு முத்திரை குத்தினார். "ஈடாகிறது. நாலு வருஷம்."

மேட்டுக்காட்டில் வேட்டு வெடித்தார்கள். "நம்ம பொண்ணு நம்மகிட்டயே!" என்று தலைவர் மார் தட்டினார். அலமேலு காலி ஓடை வழியாக நடந்தே வந்திருந்தாள், நீந்தி வர அவளிடம் ஆறு மிச்சமில்லை.

"உன்னைக் கேட்டோம். ஆத்தையும் சேர்த்துப் பறி குடுத்தோம்" என்றாள். "ஒரு வார்த்தை கேக்கறேன், தப்பா நினைக்காத. கோதை சொன்ன அந்தக் கல்லை நீயே உருட்டிக்கிட்டு வந்திருக்கக் கூடாதா?"

"உருட்டினேன் அக்கா. போன வருஷம். அனுமதி இல்லாத கல்லுன்னு நான் ஏறறதுக்குள்ள எடுத்துட்டாங்க."

அலமேலு வந்த வழியே நடந்து போனாள்.

கூட்டம் கலைந்ததும் நாச்சி தன் புதருக்குப் போனாள். ஏழு நாளாகச் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை. சுனைக்குப் போகும் பாதையையும் வாய்க்கால் தின்றுவிட்டிருந்தது. கரையில் நின்று எட்டிப் பார்த்தாள். பன்றிகள் அவசரத்தில், மைதானம் உட்பட எல்லா இடத்திலும் கரையைச் சுவர் மாதிரி நேராக வெட்டிவிட்டிருந்தன. தண்ணீர் ஆறடி கீழே பாய்ந்துகொண்டிருந்தது.

சபாபதி அந்தப் பக்கம் வந்தார்.

"அண்ணே, எட்டலை."

"தொட்டியா?"

"ஆறு."

சபாபதி வழக்கம்போலத் திரும்பி நின்று முதுகைக் காட்டினார்.

நாச்சி குத்தவில்லை. மைதானத்து ஓரத்தில், தண்ணீர் வராத மேட்டில், அணியின் பந்து கேட்பாரற்றுக் கிடந்தது. இனி அது யாருக்கு? அவள் அதை மூக்கால் தள்ளிக்கொண்டு போனாள். யாருடைய காலும் குறுக்கே வரவில்லை. தொட்டிக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்த்து, அசையாமல் இரண்டு பக்கமும் மண்ணை முட்டுக் கொடுத்து, மேலே ஏறினாள். ஒருமுறை வழுக்கியது. மறுமுறை நின்றது. தொட்டியின் விளிம்புக்கு மேலே தலை வந்தது. இரண்டு வருஷத்தில் முதன்முறையாக, மற்ற எல்லாரையும் போல, மடக் மடக்கென்று குடித்தாள்.

எதிரே தலைவர் வாயில் தண்ணீர் சொட்டச் சொட்ட அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டப் போகிறார் என்றே அவள் நினைத்தாள். ஆறே வெட்டினவர் இல்லையா?

"சபாபதி!" என்றார் தலைவர். "அந்தப் பந்தை உள்ள வெச்சுப் பூட்டுய்யா. முயலு பாத்துடப் போகுது."

நீதி: பிள்ளைகளே, உங்கள் ஆட்களிடம் கல் கேட்காதீர்கள். பக்கத்துக் காட்டிடம் ஆறு கேளுங்கள்; உங்கள் ஆட்களே ஓடி வந்து வெட்டித் தருவார்கள். குடிக்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.