குங்குமம் வைத்த கொம்பு

"பள்ளம் உள்பக்கம், கரை வெளிப்பக்கம்! பகைவனைத் தடுக்கன்னா பள்ளம் வெளியிலல்லவா இருக்கணும்? இது மான் தாண்டி ஓடாம இருக்க வெட்டினது தம்பி!"

தன்லியின் என்ற ஊரின் ஆற்றோரம், காளியம்மாவின் அவரைத் தோட்டத்துப் பழைய மண்கரைமேல் நின்று முழங்கினார் ராஜரத்தினம். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்து ராஜாக்கள் இங்கே மான் தோட்டம் வைத்திருந்தார்கள் என்பது அவர் கட்சி. ஊரில் ஒருவரும் நம்பவில்லை.

கீழே மண்வெட்டியோடு நின்ற தேவராஜுக்கு மானும் வேண்டாம், ராஜாவும் வேண்டாம். அவர் மகள் விஜயகுமாரி போதும். அதற்காகவே ஞாயிறுதோறும் தாமுவே பேட்டையில் உள்ள தன் ஃபோன் ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டு மண் வெட்ட வந்தான்.

"மாமா, கல்யாண விஷயம்..."

"ஒரு மான் கொம்பு கிடைக்கட்டும். அப்புறம் பேசலாம்."

இப்படிச் சொன்னால் மனுஷன் என்னதான் செய்வான்? சந்தையில் ஒரு கொம்பை வாங்கினான். புத்தம் புதிதாகப் பளபளத்தது. தேத்தண்ணியில் ஊறப் போட்டான். அந்த நாற்றத்தில் கடைக்கு வந்தவர்கள் ஓடினார்கள். ஒரு சாயங்காலம், யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், அவரைப் பந்தலுக்கடியில் புதைத்தான். செத்த மிருகத்தின் கொம்பாயிற்றே, தோஷம் வந்து கல்யாணம் நின்றுவிட்டால்? மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டு வைத்த பிறகுதான் மண்ணைத் தள்ளினான்.

அடுத்த ஞாயிறு, "இங்கே வெட்டிப் பாப்போமே மாமா" என்றான். வெட்டினார்கள். முழங்கை ஆழத்தில் புதைத்தது, இடுப்பு ஆழத்தில் கறுத்துப்போய் வந்தது. பொட்டையும் காணோம். மழை செய்த உபகாரம் என்று நினைத்துக்கொண்டான்.

ராஜரத்தினம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு ஆட்டம் போட்டார். உடனே ஃபோனும் போட்டார்.

"மியூசியத்துல இருந்து நாளைக்கே ஆள் வர்றாங்க! கண்டெடுத்தவன்னு உன் பேரைத்தான் சொல்லியிருக்கேன்!"

தேவராஜ் மண்வெட்டியைக் கீழே போட்டான். வருகிறவர்கள் போலி என்று கண்டுபிடித்தால் மாமா எப்படி வெளியே தலை காட்டுவார்?

"மாமா, மன்னிச்சிருங்க. அது நான் வாங்கிப் புதைச்சது."

"ஏன்டா?"

"உங்க பொண்ணைக் கட்டிக்கத்தான்."

ராஜரத்தினத்தின் முகம் கறுத்தது. கொம்பைத் தூக்கி ஆற்றின் நடுவே வீசினார். 'முளுக்' என்றது, அவ்வளவுதான். திரும்பியவர், திடீரென்று சிரித்துவிட்டார்.

"மாட்டிக்கிறதுக்கு முன்னாடி நீயா ஒத்துக்கிட்டே பாரு, அது போதும். மான் தோட்டமும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். நாளைக்கு வர்றவங்களை நான் சமாளிச்சுக்கிறேன். தை மாசம் கல்யாணத்தை வச்சுக்கலாம், மாப்ளே!"

மாப்ளே! தேவராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த நேரம் பார்த்துக் காளியம்மா தேத்தண்ணியோடு வந்தாள்.

"கோ தேவராஜ், அண்ணே, கேக்கணும்னே இருந்தேன். அன்னிக்குப் பொட்டு வச்சு ஒரு கொம்பு புதைச்சிட்டுப் போனீங்களே, அதை மறுநாளே எங்க நாய் தோண்டிருச்சு. சாமி மாடத்துல வச்சு தினம் வெளக்கு ஏத்துறேன், திருப்பித் தரணுமா?"