ஜன்னலோர நாற்காலியில் ஒரு பொம்மை ஆள்

மச்சினன் இந்த வீட்டில் கால் வைக்கக் கூடாது. தியேட்டர் மேனேஜர் தீர்மானித்துவிட்டார். இரண்டு நாள் தங்கிவிட்டுக் கிளம்புகிறவன் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். பயலுக்கு இந்த ஊரிலேயே வேலை கிடைத்துவிட்டதாம், அக்கா வீட்டிலிருந்தே போய் வருவானாம். என்ன அநியாயம்! ஜன்னலோர நாற்காலி ஒன்றுதான் அந்த வீட்டில் மேனேஜருக்கென்று இருக்கும் இடம். அதிலும் ஒரு தடியன் வந்து காலை நீட்டுவதா?

"இடமே இல்லையே, அவனை எங்கே வச்சுக்கறது?"

"இருக்கா இல்லையான்னு பாத்துடலாமே" என்றாள் மனைவி.

வீடுகளை உள்ளே அலங்கரித்துக் கொடுப்பது அவள் வேலை. கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி ஒன்று வைத்திருக்கிறாள். மாட்டிக்கொண்டால் இனிமேல் வரப்போகிற வீடு முன்னாலேயே தெரியும். உள்ளே ஆட்களும் இருப்பார்கள். எல்லாம் கம்ப்யூட்டர் செய்த ஆட்கள், ஆனால் பேசினால் பதில் சொல்வார்கள். இப்போது தங்கள் ஹாலையே அதில் போட்டு, ஓர் ஆளையும் உட்கார வைத்திருந்தாள்.

"அவன்தான் என் தம்பின்னு வச்சுக்குங்க. நீ இருக்கிறது தொந்தரவா இருக்குன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. தம்பியை வேற இடம் பாக்கச் சொல்லிடறேன்."

"சொல்லலைன்னா?"

"பெட்டியோட வருவான்."

மேனேஜருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்தவர் சீட்டில் சட்டமாக உட்கார்ந்திருக்கும் பயில்வான்களையே தினமும் எழுப்பி விடுகிறவர் அவர். ஒரு பொம்மைப் பயல் எம்மாத்திரம்? கண்ணாடியை மாட்டினார்.

அவருடைய நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். காலை வேறு நீட்டியிருந்தான். மேனேஜர் விறுவிறுவென்று போனார். பக்கத்தில் போனதும் நின்று, அவன் கால்மேல் படாமல் தன் காலைத் தூக்கி வைத்துத் தாண்டிப் போனார்.

"வெறும் தரையில எதைத் தாண்டறீங்க?" வெளியிலிருந்து மனைவியின் குரல்.

"அவரு கால் நீட்டியிருக்காரு."

"அவரா?"

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். பொம்மை நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்துச் சிரித்தது. பாவி, அப்படியா சிரிப்பது! பதிலுக்குச் சிரிக்காவிட்டால் என்ன நினைப்பான்? சிரித்துவைத்தார்.

"சார், நான் இங்க இருக்கிறது உங்களுக்குத் தொந்தரவா இருக்கா?" என்று கேட்டது அது.

இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? ஆமாம் என்றால் முடிந்தது கதை.

"சேச்சே! அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க" என்றார் மேனேஜர். சொன்னதோடு நிற்காமல், ஓரமாகக் கிடந்த முக்காலியில் ஒடுங்கி உட்காரவும் செய்தார்.

மனைவி சிரித்த சிரிப்பில்தான் அவருக்குப் புத்தி வந்தது. கண்ணாடியைப் பிடுங்கினார். நாற்காலி காலியாகக் கிடந்தது.

"இது செல்லாது! வாய் வார்த்தைக்கு, ஒரு மரியாதைக்குச் சொன்னேன். அந்தப் பொம்மை மூஞ்சியைப் பாவமா வச்சுக்கிட்டுக் கேட்டுது. இது மோசடி! பொம்மைக்கு வேணா நான் விட்டுக் கொடுப்பேன், உன் தம்பிக்குன்னா கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுவேன்!"

"சரி, செல்லாதுன்னே வச்சுக்குவோம். வாசல்லதான் நிக்கறான். அவன்கிட்டயே நேரா சொல்லிடுங்க."

கதவு திறந்தது. மச்சினன் தயங்கித் தயங்கி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அத்தான், உங்களுக்குச் சிரமம் ஒண்ணும் இல்லையே?"

"பெட்டி கனமா இருக்கும் போலிருக்கே, இப்படிக் குடுப்பா" என்றார் மேனேஜர்.