பெண் பார்த்த அன்று பிந்தி வந்த பதில்கள்

மூளை என்பது கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும் என்று நம்புகிறவர்கள் வலிப்பு மாத்திரை சாப்பிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் சாப்பிடுகிறவள். என்னைப் பெண் பார்க்க வந்த வாரத்தில்தான் டாக்டர் அளவைக் கூட்டியிருந்தார். தலைக்குள் தறிகெட்டு ஓடும் மின்சாரத்தை மாத்திரை அடக்கும், கூடவே யோசனையையும் கொஞ்சம் மந்தமாக்கும், போகப் போகப் பழகிவிடும் என்றார். எனக்கு அது சுகமாகத்தான் இருந்தது. தென்காசியில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் மலைமேல் நகரும் மேகத்தில் நானும் ஏறிக்கொள்வேன்.

அம்மாவுக்கோ ஒரே கவலை. வலிப்பு என்றதுமே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. இந்த முறை அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். (எதற்குச் சத்தியம் செய்தேன் என்பது சாயங்காலமே எனக்கு மறந்துவிட்டது.)

சீசனில் எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் குற்றாலத்தில் குளியல், பிறகுதான் பெண். திருவேங்கடத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் ஈரத் தலையும் அருவிப் பசியுமாக நுழைந்து பஜ்ஜியை ஒரு கை பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். கேள்வி காதில் விழுந்தது. பதில் எங்கோ மலைப்பக்கம் நின்றது. என்ன நன்றாகச் சமைப்பாய் என்று அடுத்ததைக் கேட்டார். அப்போதுதான் முதல் பதில் வந்து சேர்ந்தது. "எம்.எஸ்சி. கணக்கு" என்றேன். நீ யார் ஜாடை, அப்பாவா அம்மாவா என்றார். "புளிக்குழம்பு" என்றேன்.

ஜலதோஷம், காது அடைத்திருக்கிறது என்று அம்மா சமாளித்தாள். உடம்புக்கு நோவு ஏதும் உண்டுமா என்று அந்த அம்மா கேட்டபோது, என் அம்மா என்னை முந்திக்கொண்டு, ஒரு குறையும் இல்லை என்றாள். பேச்சு நாள் குறிப்பதுவரை போய், எல்லோரும் எழுந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "அப்பம் போயிட்டு வாரோம்மா" என்றார்.

"வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிடுதேன்" என்றேன்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் சுட்டது. ஆனாலும் நெஞ்சு லேசாகிவிட்டது. மாப்பிள்ளை மட்டும் திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தார். "அதான் பதிலு பிந்தி வருதா?" என்று சிரித்தார். பிறகு மெதுவாக, "உங்களுக்கு என்னய பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் வண்டி கிளம்பிப் போய்விட்டது.

மறு வாரம் சம்மதம் என்று போன் வந்தது. (அவருடைய அம்மாவை எப்படிச் சமாளித்தார் என்பதை இன்றுவரை சொன்னதில்லை.) மாத்திரையை மாற்றிய பிறகு என் தலையும் ஓரளவு சொன்னபடி கேட்கிறது. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் சொல்லாமல் விடுவதில்லை:

"பிடிச்சிருக்கான்னு அன்னைக்கே கேட்டேன், இன்னும் பதில் வரல. மவா மூணாங்கிளாஸ் போயிட்டா."