மணியைக் கேட்டுத்தான் காரை இறக்குவார் ஜாக்கி அண்ணன்

பேயிடம் ஒரு வார்த்தை கேட்காமல் காரைக் கீழே இறக்காத வெல்டர், பெங்களூரு முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். பொம்மனஹள்ளியில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் ஜாக்கி அண்ணன். சொந்தப் பெயர் என்னவென்று அவர் மனைவியைக் கேட்டால்கூடக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

எங்களை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது என் கணவரின் கார். அவர் ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. வேலை பார்ப்பவர், விவரமானவர், கார் விஷயத்தில் மட்டும் அந்த விவரம் லீவு போட்டுவிடும். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு ஓடிய ஒரு கிழட்டுக் காரை ஆசைப்பட்டு வாங்கினார். மாப்பிள்ளை நின்றுகொண்டு கையசைப்பதற்காக யாரோ புண்ணியவான் அதன் கூரையை அறுத்து எடுத்திருந்தான். கூரை போனதும் அந்தக் காருக்கு முதுகெலும்பும் போய்விட்டது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் நடுவில் வளைந்து, பிரசவ வார்டுபோல் முனகும். உடனே என் பக்கத்துக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். ஒரு முறை சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் மடியில் போய் உட்காரப் பார்த்தேன்.

ஜாக்கி அண்ணன் காரின் அடியில் ஸ்பேனரால் தட்டி, காதை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"சார், இந்த வண்டில ஊர்வலம் போனவங்கல்லாம் நல்லா கீறாங்களா?"

"அது எப்படிண்ணா எனக்குத் தெரியும்?"

"இல்ல சார், உள்ள யாரோ அழுவுற மாதிரி கீது. சேசிஸ்தான், வண்டியோட அடிச்சட்டம், பயப்படாதீங்க. சேசிஸாத்தான் இருக்கணும்."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை.

வேலையில் மனிதர் படு கறார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பார். ஜாக்கி போட்டுத் தூக்கியதும் நான்கு இரும்பு ஸ்டாண்டுகளில் காரை நிறுத்துவார். பிறகு காரைக் குலுக்கிப் பார்ப்பார். "ஜாக்கி தூக்கறதுக்குத்தாம்மா, தாங்கறதுக்கு இல்ல" என்பார். கதவுகள் ஒழுங்காக மூடுகின்றனவா என்று பார்த்த பிறகுதான் நெருப்பு. "வளைஞ்சு நிக்கறப்போ பத்த வச்சிட்டா, சாவுற வரைக்கும் வளைஞ்சேதான் நிக்கும்." இரண்டு பக்கமும் காரின் தரைத்தகட்டுக்கு அடியில் சதுரப் பைப், குறுக்கே இன்னொன்று. இந்தப் பக்கம் கொஞ்சம் பற்றவைத்து, அது ஆறும் வரை அந்தப் பக்கம் போவார். சூட்டில் கார் கோணிக்கொள்ளுமாம்.

இதெல்லாம் சரி. இறக்கும்போதுதான் விசேஷம். ஸ்டாண்டில் கை வைப்பதற்கு முன் காருக்கு முதுகைக் காட்டி நின்று குரல் கொடுப்பார்.

"மணி! கீழ கீறியாடா? வந்துட்டியாடா?"

தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். கொட்டகையில் எல்லோரும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவார்கள். சற்றுநேரம் கழித்து "சரி" என்பார். அப்புறம்தான் கார் இறங்கும். ஒரு கன்னட டாக்ஸி டிரைவர், "பேக மாடி அண்ணா" என்று அவசரப்படுத்தியவர், இதைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

மணி அவருடைய தம்பி. இதே கொட்டகையில் ஒரு நாள், விட்டுப்போன ஸ்பேனரை எடுக்க மறுபடி காருக்கடியில் நுழைந்திருக்கிறான். அண்ணன் பார்க்காமல் ஜாக்கியை இறக்கிவிட்டார். அன்றிலிருந்து இறக்கும் நேரத்தில் மட்டும் அவர் குனிந்து பார்க்க மாட்டார். குனிந்தால் அவன் அங்கே தெரிவானோ என்ற பயம். காரின் முன் சக்கரத்தருகே ஒரு டீயும் தினமும் வைப்பார். ஒரு நாள் கிளாஸ் காலியாக இருந்தது. பூனை குடித்திருக்கும் என்றேன். "இங்க பூனை வராதும்மா" என்றார்.

கார் தயாரான அன்று மழை; கூரை இருந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தோம். மத்தியானமே இருட்டிவிட்டது, கரண்டும் இல்லை. கிருஷ்ணகிரியில் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். பட்டுப்புடவையில் சேற்றில் நின்றுகொண்டிருந்தேன். கணவரைக் காணோம். எங்கேயாவது ஆபீஸ் காலில் இருப்பார் என்று விட்டுவிட்டேன்.

"மணி! வந்துட்டியாடா?"

தகரத்தில் மழை கொட்டியது. ஜாக்கி அண்ணன் தலையைச் சாய்த்து நின்றார். "சரி" வரவில்லை. அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"இறக்க வேணான்றான்."

"யாரு?"

"மணி. பக்கத்துல யாரோ படுத்துக்கினு கீறாங்களாம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏன், பேய்க்குத் துணைக்கு இன்னொரு பேயா? மழையில கிருஷ்ணகிரி போய்ச் சேரணும்ணா. நீங்க இறக்கறீங்களா, நானே இறக்கட்டுமா?" என்று ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்தேன்.

அவர் என் மணிக்கட்டைப் பற்றினார். அந்தக் கை ஐஸாக இருந்தது. "ஒரு தபா குனிஞ்சு பாரும்மா. என்னால முடியாது."

குனிந்தேன். காருக்கு அடியில், இருட்டில், ஒரு முகம் மட்டும் நீல வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருந்தது. உதடு அசைந்தது. சத்தமே இல்லை. நான் போட்ட அலறலில் எதிர்க்கடைக்காரர் ஓடிவந்தார்.

முகம் என்னைப் பார்த்து, ஒரு நிமிஷம் என்பதுபோல் விரலைக் காட்டியது. "நோ இஷ்யூஸ் ஃப்ரம் மை சைட்" என்றது.

என் கணவர்! பற்றவைத்த அழகை ரசிக்கப் பின்பக்கமாக நுழைந்தவருக்கு ஆபீஸ் கால் வந்து, அப்படியே படுத்து, போன் வெளிச்சத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்திருக்கிறார். கார் இறங்கினால் தரைக்கு மேல் ஒரு சாண் மிஞ்சும். அவர் தொப்பைக்கே அது போதாது.

வெளியே இழுத்துப் போட்டு, "கூப்பிட்டது காதுல விழலையா?" என்று கத்தினேன்.

"விழுந்துச்சே. மணியத்தானே கூப்பிட்டாரு? நான் எதுக்கு நடுவுல பதில் சொல்லணும்?"

அடிக்க ஓங்கிய கையாலேயே அவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மேக்கப் எல்லாம் போயே போச்சு.

ஜாக்கி அண்ணன் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, மணி தினமும் இப்படிப் பேசுவானா?"

"இல்லம்மா. ஒரு நாளும் பேசினதில்ல. அன்னிக்கு அவன் வெளிய வர எவ்ளோ நேரம் ஆயிருக்குமோ, அவ்ளோ நேரம் சும்மா நிப்பேன். அவ்ளோதான்."

"இன்னிக்கு?"

"இன்னிக்குதாம்மா பேசினான்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "குரல் அப்படியே கீதும்மா. எனக்குத்தான் வயசாயிப்போச்சு."

அவருக்கு அந்த நேரத்தில் யாரையாவது கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்திருக்கும். கேட்கிற மனிதர் இல்லை. நான் என் கணவரை, உடம்பெல்லாம் கிரீஸோடு, அவர் பக்கமாகத் தள்ளிவிட்டேன்.