மூன்றேகால் மணிக்கு முப்பத்தொரு கிலோ

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம், உன் மாமா நலம், அப்பா மிகவும் நலம். அப்பா வீட்டில் நீ பொருத்திவிட்டுப் போன பதினான்கு கருவிகளும் எங்கள் எல்லோரையும்விட நலம். நீயும் உன் மனைவியும் அதேபோல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மரியாதை முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை போனில் "விவரமெல்லாம் கடிதத்தில்" என்று நான் சொன்னதும் நீ சிரித்தாய். "இந்தக் காலத்துல யாருக்கா தபால்ல எழுதறாங்க" என்றாய். நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். நகத்தளவு கம்ப்யூட்டரைச் செய்து, அதை எந்தப் பொருளின் வயிற்றுக்குள்ளும் நுழைத்துவிடுவது உன் தொழில். "பார்க்கத்தான் ஃபிரிட்ஜ், உள்ளே அது கம்ப்யூட்டர் அக்கா" என்று நீ சொன்ன நாளிலிருந்து நான் அந்த ஃபிரிட்ஜின் முன்னால் குடும்ப விஷயம் பேசுவதில்லை. இந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டேன். உள்ளே ஒன்றும் இல்லை.

உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. இருபத்துநாலாம் தேதிக்கு எடுத்திருக்கும் டிக்கெட்டை ரத்து செய். பஸ் படியில் அப்பா வழுக்கி விழுந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீ ஓடி வந்தாய், கருவிகளைப் பொருத்தினாய், ஒரு ஒப்பந்தமும் போட்டாய். அப்பா தன் வீட்டில் தனியாகவே இருக்கலாம். ஆனால் பகல் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை தனியாக வெளியே போகக் கூடாது. உன் போனில் மூன்று சிவப்புக் குறி விழுந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டு உன்னோடு கிளம்பிவிட வேண்டும். அப்பாவும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மூன்றும் விழுந்துவிட்டது என்கிறாய். இருபத்திரண்டு வருஷமாகக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். ஓர் எண்ணை நம்புவதற்கு முன்னால் அதை யார், எப்படி எடுத்தார்கள் என்று கேட்பதுதான் என் பிழைப்பு. அதனால் மூன்றையும் வரிசையாகச் சொல்கிறேன், கேள்.

முதல் சிவப்பு, மாத்திரை டப்பா. எட்டு மணிக்கு அது தானாகத் திறந்து "மாத்திரை சாப்பிடும் நேரம்" என்று கூப்பிடும், சரி. ஆனால் அப்பாவின் கைக்கடிகாரம் ஏழு நிமிஷம் முன்னால் ஓடும் என்பது உனக்கும் எனக்கும் தெரியும், டப்பாவுக்குத் தெரியாது. மில்லில் டைம் ஆபீஸ் சூப்பர்வைசராக முப்பத்துநாலு வருஷம் இருந்தவர், ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை என்று பேர் வாங்கியதே அந்த ஏழு நிமிஷத்தால்தான். அவர் கடிகாரத்தில் எட்டானதும் டப்பா திறக்கவில்லை. திறக்காததால் பாட்டிலிலிருந்து எடுத்து விழுங்கிவிட்டு நடக்கப் போய்விட்டார். டப்பா எட்டு மணிக்குத் திறந்து, ஆளில்லாத வீட்டில் நாற்பது நிமிஷம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, உனக்குச் சிவப்பு அனுப்பியது. நான் போய்ப் பார்த்தபோது டப்பாவின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. "ஏழு நிமிடத் தாமதம். இரண்டு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும்." கீழே அப்பாவின் கையெழுத்து, தேதியோடு. மெமோ கொடுத்திருக்கிறார் தம்பி, டப்பாவுக்கு. விளக்கம் இன்னும் வரவில்லை என்று கேள்வி.

இரண்டாவது, வாசல் பூட்டு. முகத்தைப் பார்த்துத் திறக்கும் பூட்டு என்று பெருமையாகச் சொன்னாய். ஒரு மத்தியானம் அது ஒரு போட்டோவோடு உனக்குச் செய்தி அனுப்பியது, "அறிமுகமில்லாத நபர்" என்று. தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் விசில். நீ அங்கிருந்தே கீழே இருக்கும் வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, கிழட்டுத் திருடன் ஒருத்தன் நிற்கிறான், பிடி என்றாய். வாட்ச்மேன் மூச்சிரைக்க மாடி ஏறிப் போய், தினமும் தான் சலாம் வைக்கும் அப்பாவின் முன்னால் நின்று, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க நீங்கதானான்னு கேக்கச் சொன்னாங்க" என்றானாம். அப்பாவுக்குக் கோபமே வரவில்லை. "பரவாயில்லையே, கேக்கிற பழக்கம் இருக்கே" என்று அவனைப் பாராட்டிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். பூட்டு திறந்தது. ஆனால் மணி இரண்டரை. அதனால் சிவப்பு. விசில் எதற்கு என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கேதான் இரண்டு பேரும் கோட்டை விட்டோம்.

மூன்றாவதுதான் பெரிய கதை. போன வெள்ளிக்கிழமை நான் தேர்வு மேற்பார்வையில் இருந்தேன். நீ நான்கு முறை கூப்பிட்டாய். நானும் பதறிப்போய் வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

"அக்கா, அப்பாவுக்கு முப்பத்தொரு கிலோ ஏறியிருக்கு."

"எத்தனை மாசத்துல?"

"மாசம் இல்லக்கா. மூணேகால் மணிக்கு."

"மூணு மணிக்கு எவ்வளவு இருந்தார்?"

"அம்பத்தெட்டு. இப்போ எண்பத்தொம்பது. நாற்காலி மெத்தை சொல்லுது. உடம்புல நீர் கோத்துக்கிச்சுன்னா இப்படி ஆகும்னு படிச்சேன்."

"கால் மணி நேரத்துலயா? உடம்பா, தண்ணித் தொட்டியா?"

நீ கேட்கவில்லை. டாக்டரை வீட்டுக்கே அனுப்பிவிட்டாய். நம் டாக்டர் விடுப்பில் இருந்தார், அவருக்குப் பதிலாக வந்த சின்னப் பெண் அப்பாவைப் பார்த்ததே இல்லை. அவள் போனபோது ஜன்னலோர நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "உங்க பையன் ரொம்பக் கவலைப்படறார் ஐயா" என்றாள். "அவன் சின்ன வயசிலேருந்தே அப்படித்தான் டாக்டர்" என்று அவரும் சொல்லிக் கையை நீட்டினார். ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு, எடை எண்பத்தொன்பது, தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று உனக்கு அறிக்கை வந்தது. நீ டிக்கெட் எடுத்தாய்.

அந்தக் கை அப்பாவுடையது இல்லை. மாடி வீட்டுப் பேக்கரிக்காரருடையது.

நான் விடைத்தாள் கட்டை ஒப்படைத்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தபோது நாலே முக்கால். பேக்கரிக்காரர் எழுந்திருக்கவே இல்லை. "வாங்கம்மா. அஞ்சு மணி வரைக்கும் எந்திரிக்கக் கூடாது, டூட்டி" என்றார். பக்கத்து ஸ்டூலில் அப்பா கையெழுத்தில் ஓர் அட்டவணை. மூன்றேகாலுக்கு நாற்காலி, மூன்றரைக்கு ஃபிரிட்ஜ், மூன்றே முக்காலுக்குக் குளியலறை விளக்கு, நாலு மணிக்கு மறுபடி ஃபிரிட்ஜ். ஒவ்வொன்றுக்கும் எதிரில் பேக்கரிக்காரரின் கையெழுத்து. தொப்பி மாட்டிக்கொண்டதிலிருந்து இரண்டு மாசமாகச் செவ்வாயும் வெள்ளியும் இதுதான் நடந்திருக்கிறது, நாற்காலி மட்டும் அந்த வெள்ளிதான் புதிதாகச் சேர்ந்தது. புரிகிறதா? வாழ்க்கை முழுக்க அடுத்தவன் வருகைக் கார்டை பஞ்ச் பண்ணியவனைப் பிடித்த மனிதர், தனக்கு ஆள் வைத்து ஆஜர் போட்டிருக்கிறார். வெளியே போவதும் சுலபம். பேக்கரிக்காரர் வர, கதவு ஒரு தடவை திறக்கிறது, அதே கதவு வழியாக அப்பா கிளம்பிவிடுகிறார். யாரோ வந்ததாகத்தான் உன் பூட்டுக்குத் தெரியும், யார் போனார் என்று தெரியாது. மில்லில் இதற்கு ஷிப்ட் மாற்றம் என்று பெயர்.

"டாக்டர்கிட்டயாவது நீங்க யாருன்னு சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"அந்தப் பொண்ணு அவ்வளவு அக்கறையா கேட்டுச்சும்மா. எனக்கு நூத்துத் தொண்ணூறுன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. நடுவுல நான் வேற ஆளுன்னு சொன்னா மாத்திரை எழுதிக் குடுக்குமா?"

ஐந்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அப்பா வந்தார், அவர் கடிகாரத்தில் ஐந்து தாண்டியிருந்தது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, விசில், கையில் ஸ்டாப் வாட்ச். என்னைப் பார்த்ததும் முதல் காரியமாக மணியைப் பார்த்தார். மூத்தோர் நடைப் பந்தயக் குழு என்று ஒன்று இருக்கிறதாம், மைதானத்தில் வாரம் இரண்டு நாள் பயிற்சி. அப்பா நடப்பவர் இல்லை, நேரம் எடுப்பவர்.

"சித்தப்பா ஃப்ரெண்டுக்காக ஒரே ஒரு கார்டு பஞ்ச் பண்ணாருன்னு கூடப்பிறந்த தம்பின்னும் பார்க்காம மூணு நாள் சஸ்பெண்ட் பண்ணீங்களே அப்பா. இது என்ன?"

"அவன் மாட்டிக்கிட்டான்."

"நீங்களும்தான் மாட்டிக்கிட்டீங்க."

"நான் எங்க மாட்டினேன்? இவரு எடைதான மாட்டிவிட்டுச்சு. ஒல்லியா ஒரு ஆளப் போட்டிருக்கணும், என் தப்பு." பேக்கரிக்காரர் இதைத் தன்மீதான விமர்சனமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு அப்பா ஸ்டாப் வாட்சைத் துடைத்தார். "அங்க இருபத்தாறு பேரு, என் கை அசையறதைப் பார்த்துத்தான் கெளம்பறாங்க. முக்கால் செகண்ட் கூடினாலும் குறைஞ்சாலும் என்கிட்டதான் வந்து கேக்கறாங்க. இங்க பதினாலு மிஷின் என்னைப் பார்க்குது. ஒண்ணுகூட எதையும் கேக்கறதில்லம்மா" என்றார்.

ஆனால் கண்டிக்க வேண்டியதைக் கண்டித்தேன். உட்கார வைத்து, இது ஏமாற்று, அதிலும் மட்டமான ஏமாற்று என்று சொன்னேன். உலகத்தில் எந்த மனிதனும் மூன்றரை, நாலு, நாலரை என்று அரைமணிக்கு அரைமணி ஃபிரிட்ஜைத் திறப்பதில்லை. மனுஷன் மூணு இருபத்தொண்ணுக்குத் திறப்பான், ஒண்ணும் எடுக்காம மூடுவான், மூணு இருபத்தஞ்சுக்கு மறந்துபோய் மறுபடி திறப்பான், அப்புறம் ரெண்டு மணி நேரம் அந்தப் பக்கமே போக மாட்டான். பதிவைப் பார்த்த மாத்திரத்தில் எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றேன். என் மாணவர்கள் ஒருவர்கூட என் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அப்பா குறிப்பெடுத்துக்கொண்டார்.

ஆக, மூன்று சிவப்பில் முதலாவது ஏழு நிமிஷம், மூன்றாவது பேக்கரிக்காரர். மிஞ்சுவது ஒன்றே ஒன்று, தொப்பி. ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் தண்டனை இல்லை. பேக்கரிக்காரரை டூட்டியிலிருந்து விடுவித்தாகிவிட்டது, அட்டவணையை நானே கிழித்துப் போட்டேன். நம்பிக்கை இல்லையென்றால் இந்தச் செவ்வாயிலிருந்து வந்திருக்கும் பதிவை எடுத்துப் பார். மத்தியானம் வாசல் கதவு திறந்திருக்கிறதா? மாத்திரை டப்பா ஒரு வேளையாவது கூப்பிட்டு ஓய்ந்திருக்கிறதா? ஃபிரிட்ஜ், நாற்காலி, விளக்கு, படுக்கை எல்லாம் அதனதன் போக்கில் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு இயல்பான ஒரு பதிவை நான் பார்த்ததில்லை. எடைகூட மூன்று கிலோ ஏறியிருக்கும், மகள் கவனிப்பு என்று வைத்துக்கொள். நேற்று அவர் உன்னோடு போனில் பேசும்போது பின்னால் கைதட்டல் கேட்டதாகச் சொன்னாயாம். டிவியாக இருக்கும்.

அதனால் அப்பா அவர் வீட்டிலேயே இருக்கட்டும். இனிமேல் இந்த வீட்டில் ஆள்மாறாட்டம் நடக்காது, அதற்கு நான் பொறுப்பு. உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, எந்த மெத்தையும் குறை சொல்ல முடியாதபடி நீண்ட நாள் சௌக்கியமாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஒன்பது நாள் ஆகும் என்று தபால் ஆபீசில் சொன்னார்கள். அந்த தைரியத்தில் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அப்பா கிளம்பி வெளியூர் போயிருக்கிறார். ஊர்களுக்கு இடையிலான மூத்தோர் நடைப் பந்தயம், ஆறு நாள், தலைமை நேரக் கணிப்பாளர் அவர்தான். பேக்கரிக்காரரை இங்கே உட்கார வைக்க முடியவில்லை. தினமும் நடக்கச் சொல்லி நீ அனுப்பிய டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டாளே, அவரும் போட்டியில் பேர் கொடுத்துவிட்டார். வேறு ஆள் இல்லாததால் நான் கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு அப்பா நாற்காலிக்கு டூட்டிக்கு வந்திருக்கிறேன். ஃபிரிட்ஜை எப்போது திறப்பது என்பதை மட்டும் பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், எந்த ஒழுங்கும் இல்லாமல் எண்களைத் தரும் சமவாய்ப்பு எண் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்கிறேன். மாத்திரையை டப்பாவிலிருந்து எடுத்து ஒரு கிண்ணத்தில் போடுகிறேன். அவர் கையோடு கொண்டுபோன மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள்கிறார், பேக்கரிக்காரர் சாட்சி. "நேற்று நன்றாகத் தூங்கினார்" என்று மெத்தை உனக்குச் செய்தி அனுப்பியிருக்கும். உண்மைதான், உன் மாமாவின் குறட்டை இல்லாமல் தூங்கிப் பல வருஷமாகிறது. நீ கேட்ட கைதட்டலும் டிவி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் திரும்பி வந்த பிறகு நாற்காலி மறுபடியும் ஐம்பத்தெட்டு காட்டியிருக்கும். இளைத்துவிட்டார் என்று டாக்டரை அனுப்பிவிடாதே.