மூன்று கோடு போட்ட பேண்ட்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டியவன் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதச் சொல்கிறாள் உங்கள் தங்கை. அது அவள் கருத்து.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊரில் எங்களுக்கு உடனே ஒரு வீடு பாருங்கள். முன்பக்கம் தையல் மெஷின் போட இடம் இருந்தால் போதும். இந்த நகரம் என் மகளைக் கேலி செய்கிறது.

பிழைக்க வந்த நாம் பிள்ளைக்குப் பேண்ட் எடுக்கும் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? நீளமாக எடுத்து, அடியில் உள்ளே மடித்துத் தைத்து, வருஷா வருஷம் கொஞ்சம் பிரித்துவிடுவோம். மேலே வெளுத்திருக்கும், பிரித்த இடம் மட்டும் கருநீலமாகப் பளிச்சென்று தெரியும். என் மகளுக்கு மூன்று வருஷத்தில் மூன்று கோடு. எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் இப்படித்தான், இத்தனை நாள் யாரும் கண்டுகொண்டதில்லை. போன மாதம் என் கடைக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் ஒரு உள்ளூர்ப் பெண் குனிந்து என் மகளின் காலைப் போட்டோ எடுத்தாள். முகத்தை விட்டுவிட்டுக் காலை எதற்கு எடுக்க வேண்டும்? அடுத்த வாரம் கண்ணாடி போட்ட ஒருவன் அங்கேயே நின்று, போகிற வருகிற நம் பிள்ளைகளின் கால்களை நோட்டில் வரைந்துகொண்டிருந்தான். நான் அளவு நாடாவோடு போய் முறைத்தேன். என் காலையும் வரைந்துகொண்டு போய்விட்டான்.

அதற்கும் மேலே கேளுங்கள். அந்த போட்டோப் பெண் புத்தம்புதுப் பேண்ட்டோடு கடைக்கே வந்துவிட்டாள். மகள்தான் மொழிபெயர்த்தாள்.

"அப்பா, இதுலயும் மூணு கோடு வேணுமாம்."

"யாரு அனுப்புனாங்கன்னு கேளு."

"யாரும் அனுப்பலப்பா. இப்ப எல்லாரும் இப்படித்தான் போடுறாங்களாம்."

"எல்லாரும்னா யாரு? நல்ல துணியக் கெடுத்துட்டேன்னு நாளைக்கு என்மேல புகார் குடுக்கவா?"

உள்ளேயிருந்து உங்கள் தங்கை, "வந்த பிள்ளைக்குத் தைச்சுக் குடுக்காம போலீஸ் விசாரணை நடத்துறீங்களே!" என்று கத்தினாள். அவளும் அவர்கள் கட்சிதான். முடியாது என்று சொல்லி அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டேன்.

மகள் மூன்று வருஷமாகப் பள்ளிக்கூடப் பையைக் காலுக்கு முன்னால் பிடித்து மறைத்துக்கொண்டேதான் பஸ் ஏறுகிறாள். கடைக்குள்ளிருந்து தினமும் பார்க்கிறேன். ஊரார் சிரிக்க அவளை இங்கே விட்டுவைக்க மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். வீட்டுக்கு எதிரே பஸ் நிறுத்தம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நிம்மதியில்லாத உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: வீடு பார்க்க வேண்டாம். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் சத்தம். உள்ளூர்ப் பெண்கள் நாலு பேர், பேண்ட்டில் நீலச் சாயத்தால் கோடு போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். என் மகள் குனிந்து, விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, அவர்கள் மொழியில் எனக்கே புரிகிற மாதிரி சொன்னாள்: "இது பொய்க்கோடு. நிஜக்கோடு எங்கப்பாதான் போடுவாரு. ஆனா மூணு வருஷம் ஆகும், நீங்க வளரணும்." சொல்லிவிட்டு என்னைக் கை நீட்டிக் காட்டினாள், மச்சான். அத்தனை பேர் முன்னால். நாலு பெண்களும் எனக்குக் கையசைத்தார்கள். நானும் அசைத்துவைத்தேன். கண் கலங்கியதில் யார் முகத்தையும் அடையாளம் பார்த்து வைக்க முடியவில்லை. அதுவும் அவர்கள் திட்டம்தானோ என்னவோ.